தபால் வரும் வரை பாடிய மெழுகு காக்கா

மெழுகு காக்காவைப் போல மனிதர்களை மெல்லிசாக வெட்டக்கூடிய ஒருவர் இந்தக் கிழக்குக் கரையில் முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கப்போவதில்லை. பொத்துவில் தொடங்கி மருதமுனை வரைக்கும் ஊருக்கு நாலு பேரையாவது வெட்டியிருப்பார். ஒருவருக்கும் நோகவில்லை. ஒருவரும் பொலிசுக்குப் போகவுமில்லை.

பயப்பட வேண்டாம். காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். ஐம்பதுகளில் கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் கிளாக்கராக இருந்தேன். சத்திரசிகிச்சையில் கட்டி, கழலை என்று எதை எடுத்தாலும் அதில் ஒரு துண்டு, மருந்துத் தண்ணீர் நிறைந்த போத்தலில் எங்கள் பின்கட்டு அறைக்கு வரும். நான் போத்தலுக்கு நம்பர் போடுவேன். காக்கா அந்தத் துண்டை உருக்கிய மெழுகில் வார்த்துக் கட்டியாக்கி, மெஷினில் பூட்டி, வெங்காயத் தோலை விட மெல்லிசாகச் சீவுவார். சீவியதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் போடுவார். அந்தத் தகட்டை நான் பெட்டியில் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்புவேன். அங்கே பெரிய டொக்டர் ஒருவர் பார்த்து, நல்ல கட்டியா பொல்லாத கட்டியா என்று எழுதுவார். பதில் வர மூன்று கிழமை ஆகும். அந்த மூன்று கிழமையும் நோயாளி வீட்டில் அடுப்பு எரியும், ஆனால் சோறு இறங்காது.

காக்காவின் சொந்தப் பெயர் என் பதிவேட்டில் இருந்தது. அந்தப் பெயரால் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மருதமுனையில் நெசவு நூலுக்குச் சாயம் போடுகிற குடும்பம். சாயம் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும் என்று அக்காலத்து டொக்டர் ஒருவர் தேடிக் கூட்டிவந்த ஆள். பழைய தொழிலின் கண் கடைசி வரைக்கும் போகவில்லை. யாரோ ஒரு பாவப்பட்ட மனுசியின் கழுத்துக் கழலையைச் சாயம் போட்டு வெளிச்சத்தில் பிடித்துவிட்டுச் சொல்வார்: "பாருங்க கிளாக்கர், இந்தச் செவப்புல ஒரு சாரன் நெய்ஞ்சா, பெருநாளைக்கு எப்பிடி இரிக்கும்?"

எங்கள் ஊர் வெயிலில் மெழுகு இளகிவிடும். அதனால் காக்கா விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வந்து, தென்னை உச்சியில் வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிப்பார். மெழுகுக் கட்டியைக் குளிர வைப்பதற்கு மீன் லொறிக்காரரிடம் ஒரு துண்டு ஐஸ் வாங்கிவருவார். கொழும்பிலிருந்து ஒருமுறை, 'உங்கள் தகடுகளில் சூரை மீன் மணக்கிறது, காரணம் தெரிவிக்கவும்' என்று கடிதம் வந்தது. 'நோயாளி மீனவர்' என்று நான் பதில் எழுதினேன். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை.

வெட்டும் நேரத்தில் அறைக்குள் மூச்சு விடக்கூடாது என்பது காக்காவின் சட்டம். சீவல் ஒன்றோடொன்று ஒட்டி நாடா மாதிரி வரும். லேசாக ஊதினாலும் பறந்துவிடும். மேலதிகாரி ஒருவர் பரிசோதனைக்கு வந்து, வாசலிலேயே ஒரு தும்மல் போட்டார். நாடா கிளம்பிப் போய் அவருடைய மீசையில் உட்கார்ந்தது.

"ஐயா, அசையாதீங்க" என்றார் காக்கா, தூரிகையோடு கிட்டப் போய். "உங்கட மீசையில நற்பிட்டிமுனைப் போடியார்ட குடல் இரிக்கி."

அதிகாரி அசையவில்லை. வயல்காரப் போடியார் பத்திரமாக இறக்கப்பட்டுத் தண்ணீரில் மிதக்க விடப்பட்டார். அதிகாரி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை என்று கேள்வி. அந்த ஆண்டு எங்கள் அறையைப் பற்றி அவர் நல்லதாகவும் எழுதவில்லை, கெட்டதாகவும் எழுதவில்லை.

காக்காவுக்குப் போத்தலில் இருப்பது துண்டு அல்ல, ஆள். "நம்பரச் சொல்லாதீங்க கிளாக்கர், எந்த ஊராக்கள் எண்டு சொல்லுங்க" என்பார். முஸ்லிம் ஊர் என்றால் போத்தலுக்கு ஒரு சலாம். தமிழர் என்றால் "வாங்க, இரிங்க." வெட்டி மிஞ்சியதைக் குப்பையில் போட ஒருபோதும் விடமாட்டார். மனிதர் முழுசாக மண்ணுக்குப் போக வேண்டும், நகத்துண்டு கூட வெளியே கிடக்கக்கூடாது என்பது அவர் கட்சி. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும், தன்னுடைய ஆட்களின் மிச்சத்தை வெள்ளைத் துணியில் முடிந்து வெள்ளிக்கிழமையில் மையவாடிக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வருவார்.

"மறுகா, உங்கட ஆக்கள நீங்கதான் கொண்டு போகோணும்" என்று என் கையிலும் ஒரு முடிச்சைத் தந்தார். நான் பாண்டிருப்புத் தமிழன். சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு நேரே சுடலைக்குப் போயிருக்க வேண்டும். தேத்தண்ணி ஆசையில் வீட்டுக்குப் போனேன்.

"இஞ்சாருங்க, எத்தின நாளைக்குப் பிறகு இறைச்சி வாங்கி வந்திருக்கீங்க" என்று மனைவி முடிச்சோடு குசினிக்குள் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். பிறகு நடந்ததை எழுத எனக்குத் தைரியமில்லை. அவள் இன்றும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறாள்.

இனிச் சொல்லப்போவதுதான் விசயம். காக்கா தகட்டைச் சாயம் போட்டதும், சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று மைக்ரஸ்கோப்பில் ஒருதரம் பார்ப்பார். வேறு எதையும் பார்க்க அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் அத்தனை வருசம் பார்த்த கண். நல்ல கட்டி என்றால் அவரையறியாமல் ஒரு கவி பாடத் தொடங்குவார். வயல் வட்டைக்கு விளைந்த வேளாண்மை வெட்டப் போன மச்சான் இன்னும் வரவில்லையே என்று ஒரு பெண் முறையிடுகிற கவி. பொல்லாத கட்டி என்றால் வாய் மூடிக்கொள்ளும். கேட்டால், "நான் வெட்டுறவன், சொல்றவன் இல்ல" என்பார். தான் பாடுவதும் பாடாமல் விடுவதும் அவருக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்தது. நான் ஒரு நர்ஸ் மிஸ்ஸியிடம் சொன்னேன். மிஸ்ஸி வார்டில் ஒருவரிடம் சொன்னாள். ஒரு மாதத்துக்குள், விடியற்காலையில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே, அன்றைக்கு வெட்டப்படுகிறவரின் ஆட்கள் குந்தியிருக்கத் தொடங்கினார்கள். காக்கா பாடினால் எழுந்து சிரித்துக்கொண்டு போவார்கள். கொழும்புக் கடிதம் அதற்குப் பிறகு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

"என்ன கிளாக்கர், ஜன்னலடியில இவ்வளவு சனம்?"

"காத்து வாங்க வாறாங்க காக்கா" என்றேன். என் புளுகுக்குக் கூலி பிறகு கிடைத்தது.

சாய்ந்தமருதுத் தோணிக்காரர் ஒருவருக்கு முதுகில் கட்டி. அதில் ஒரு துண்டு எங்கள் அறைக்கு வந்தது. வெட்டிய அன்று அவருடைய மனைவி முக்காட்டோடு ஜன்னலுக்குக் கீழே இருந்தாள். காக்கா அன்று பாடவில்லை. அவள் எழுந்து போய், வார்டிலிருந்த புருசனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று கிழமையில் கொழும்புக் கடிதம் வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி, ஒன்றுக்கும் பயமில்லை என்றிருந்தது.

நானும் காக்காவும் கடிதத்தோடு சைக்கிளில் பறந்தோம். முற்றம் நிறைய ஆட்கள். உள்ளே, சாகக் கிடப்பவருக்காக யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். தோணிக்காரர் மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் முகம் வைத்து, கண்ணை மூடி, மௌத்தை எதிர்பார்த்துப் படுத்திருந்தார். மூன்று கிழமையாகக் கஞ்சியைத் தவிர ஒன்றும் இல்லை. கொழுப்புக் கட்டிக்காரர் கயிறு மாதிரி இளைத்துப்போயிருந்தார்.

"நீங்க அண்டைக்குப் பாடல்லயே காக்கா" என்றாள் மனைவி.

"என்ன பாடல்ல?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பல்லுக் குத்துகா, பல்லுக் குத்து" என்றார் காக்கா. "அண்டைக்கு வாய்க்குள்ள கராம்பு வச்சிருந்தன். அதான் பாடல்ல."

யாசீன் நின்றது. தோணிக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "அப்ப என்ட தோணி?" என்றார். தோணியைப் போன கிழமைதான் மச்சினனுக்கு ஒப்புக்கொடுத்திருந்தார். நாங்கள் வெளியே வரும்போது உள்ளே தோணிச் சண்டை தொடங்கியிருந்தது. செத்துக்கொண்டிருந்தவருடைய குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

நான் வழிநெடுகச் சிரித்தேன். காக்கா சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தார். கொஞ்சத் தூரம் போன பிறகுதான் அவர் அழுவதைக் கண்டேன்.

"சிரிக்காதீங்க கிளாக்கர். என்ட வாயால ஒரு மனிசன் மூணு கிழமையா மௌத்தாக் கிடந்திரிக்கான். இவர் எழும்பிட்டார். நான் மெய்யாவே பாடாம விட்ட ஆக்கள் எத்தின பேர் அந்த ஜன்னலடியில இருந்து எழும்பிப் போனாங்களோ."

வதந்தியைப் பெற்றெடுத்தவன் நான்தான்.

அடுத்த நாளிலிருந்து காக்கா எல்லாத் துண்டுக்கும் பாடினார். நல்லதற்கும் பாடினார், பொல்லாததற்கும் பாடினார். பல் வலித்த நாளிலும் கராம்பைத் துப்பிவிட்டுப் பாடினார்.

"இது பொய்யில்லையா காக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் ஒண்டும் சொல்லலியே. கவிதானே படிக்கிறன். போஸ்ட் வாற மட்டுக்கும் அவங்க சோத்தத் தின்னட்டும்."

இப்படி இரண்டு மூன்று வருசம் போனது. ஒருநாள் அவருக்கே கழுத்தில், தாடைக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒன்று தடித்தது. அவர் கவனிக்கவில்லை. அது எலுமிச்சங்காய் ஆனபோது டொக்டர் பிடித்து உட்காரவைத்து ஒரு துண்டு எடுத்தார். போத்தல் என் மேசைக்கு வந்தது. நம்பர் போடாமல் பேனாவை மூடிவைத்தேன்.

"எந்த ஊராக்கள் கிளாக்கர்?" என்று கேட்டார் காக்கா, கழுத்தில் கட்டோடு நின்றுகொண்டு.

"மருதமுனை" என்றேன்.

போத்தலுக்குச் சலாம் சொன்னார்.

வேறு ஆளை வைத்து வெட்டலாம் என்று டொக்டர் சொல்லிப் பார்த்தார். எங்கே இருக்கிறது வேறு ஆள்? அடுத்த நாள் விடியற்காலையில் காக்காவே ஐஸ் துண்டோடு வந்தார். தன்னைத் தானே மெழுகில் வார்த்து, தன்னைத் தானே சீவி, தண்ணீரில் மிதக்கவிட்டு எடுத்தார். நான் சட்டப்படி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். சாயம் போட்டார். மைக்ரஸ்கோப்பில் குனிந்தார். வழக்கத்தை விட நேரம் எடுத்த மாதிரி எனக்குத் தோன்றியது. நிமிர்ந்து, "சாயம் நல்லாப் புடிச்சிரிக்கி" என்றார். பிறகு பாடத் தொடங்கினார்.

அவர் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. மச்சானைத் தேடும் அந்தப் பெண் ஒவ்வொரு வரம்பாகப் போய்த் தேடினாள். ஜன்னலுக்குக் கீழே இருந்த மருதமுனைச் சனம் எல்லாம் எழுந்து சிரித்துக்கொண்டு போனது. எல்லாவற்றுக்கும் பாடுகிற ஆள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். இவ்வளவு நன்றாக ஒரு மனிதன் தன் மரணத்தைப் பார்த்துவிட்டுப் பாடுவானா என்று என் புத்தி கேட்டது. அந்த மூன்று கிழமையும் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கடிதம் வந்தது. கடிதங்களை உடைப்பது என் வேலை. ஆங்கிலத்தில் ஒரேயொரு வரிதான் இருந்தது. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். காக்கா மெஷினில் யாரையோ வெட்டிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறேன் என்று தெரியாமல், மூச்சு விடக்கூடாத அந்த அறையில் நின்று, வட்டைக்குப் போன மச்சானைப் பாடத் தொடங்கினேன். எனக்குக் குரலும் இல்லை, தாளமும் இல்லை. நாடா பறந்து போனது.

காக்கா திட்டவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுக் கடைசி வரை கேட்டார்.

"ரெண்டாவது அடிய இன்னம் கொஞ்சம் இழுக்கோணும்" என்றார். பிறகு, "போஸ்ட் வந்திட்டா?" என்று கேட்டார்.

"ஓம் காக்கா."

"எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்களும் மூணு கிழமை சோத்தத் தின்னட்டும் எண்டுதான் பாடின."

கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வெள்ளிக்கிழமை, தன்னுடைய மிச்சத் துண்டையும் மெழுகுக் கட்டியையும் வெள்ளைத் துணியில் முடிந்து, தானே மையவாடிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து, "பஸ்ஸில கைலேஞ்சி போட்டு இடம் புடிக்கிற மாதிரி புடிச்சிட்டு வந்திட்டன் கிளாக்கர்" என்றார். நான் சிரிக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். சிரித்தேன்.

அறுவடை முடிவதற்குள் அவர் போய்விட்டார். ஜனாஸாவில் எனக்கு முன்னால் சாய்ந்தமருதுத் தோணிக்காரர் நடந்தார், கொழுத்த ஆரோக்கியத்தோடு.

எல்லாம் போய்ச் சேர்ந்தாலும் கொழும்புக்குப் போன அந்த ஒரு தகடு மட்டும் பாக்கி. காக்கா முழுசாகப் போகவில்லையே என்று எனக்கு நித்திரை வரவில்லை. கிளாக்கருக்குத் தெரிந்த ஒரே வழியில் போராடினேன். கடிதம் எழுதினேன், நினைவூட்டல் எழுதினேன், நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினேன். ஒரு வருசம் கழித்துத் தகடு பஞ்சில் சுற்றி வந்தது. விரல் நகத்தளவு சிவப்பு. பெருநாள் சாரனுக்கு உகந்த சிவப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை அதை வெள்ளைத் துணியில் முடிந்துகொண்டு மையவாடி வாசல் வரை போனேன். பிறகு சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

மனிதரை முழுசாக அனுப்ப வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்ன மனிதர். காக்கா, உங்களில் ஒரு துண்டு குறைகிறது. அது என் மேசை லாச்சியில் இருக்கிறது. நான் தரமாட்டேன்.