தையல்காரர் தைத்த சைலன்சர்

“தொண்ணூறு டிகிரி பெண்டா, நாப்பத்தஞ்சா?” என்று கார் உதிரிபாகக் கடைக்காரர் வளைந்த சைலன்சர் குழாய்களைக் காட்டிக் கேட்டதும், தையல்காரர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அங்குலம் அவருக்கு அத்துப்படி. டிகிரியோடு காய்ச்சல் காலத்தில் மட்டும்தான் பழக்கம்.

“எது விலை கம்மி?”

“இந்த ஒடுக்கமான தொண்ணூறுதான். ஆனா புகை முட்டும். அகல வளைவா எடுத்தீங்கன்னா வண்டி நல்லா மூச்சு விடும்.”

எப்படி வளைந்தாலும் வளைவு வளைவுதானே என்று எண்ணி, ஒடுக்கத்திலேயே நாலு வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

கார் அவருடையது இல்லை. வீடு வீடாகப் போய் மின்சாரக் கணக்கெடுக்கும் மீட்டர்காரருடையது. போன வருடம் மாடிப்படியில் வழுக்கித் தையல்காரரின் முட்டி பெயர்ந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அடுத்த தெருவிலிருந்து காரை எடுத்துவந்து, அவரைக் கடையில் இறக்கிவிட்டுப் போகிறார் அந்த மனிதர். பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தால், “நான் அந்தப் பக்கந்தானே போறேன்” என்பார். அவருடைய ஆபீஸ் நேர் எதிர்த் திசையில் இருக்கிறது என்பது தையல்காரருக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காருக்கு ஒரே குறை, அதன் குரல். அடுத்த தெருவில் கிளம்பும்போதே இந்தத் தெருவின் ஜன்னல்கள் அதிரும். அதைக் கேட்டதும் தையல்காரர் மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்குவார். அவர் வாசலுக்கு வரவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருக்கும். ஒரு நாளும் அந்த நல்ல மனுஷனைக் காக்க வைத்ததில்லை, ஹாரன் அடிக்க விட்டதில்லை என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் தெருவே முகம் சுளிக்கும்போது மனசு கேட்காது. சைலன்சர் மாற்ற வழியில்லாதவர் தன்னை ஓசியில் சுமக்கிறாரே என்று வருந்துவார்.

இப்போது மீட்டர்காரர் மனைவியோடு தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். பேட்டரி இறங்காமல் அவ்வப்போது கிளப்பி வைக்கச் சொல்லி, சாவியைத் தையல்காரரிடம்தான் கொடுத்திருந்தார். கைம்மாறு செய்ய இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் ஏது? முழு செட் விலையைக் கேட்டுக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டதால், துண்டு துண்டாக வாங்கி ஒட்டவைப்பது என்று முடிவு செய்தார். மீட்டர்காரர் திரும்பி வந்து வேலைக்குப் போகும் திங்கட்கிழமை காலை கார் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் உதவி செய்தவன் வண்டிக்கே உலை வைத்தவன் என்ற பேர்தான் மிஞ்சும்.

வெல்டர் வந்து பழைய குழாயை முதலில் வெட்டிக் கீழே போட்டார். அதிலிருந்த ஓட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“துரு தின்ன ஓட்டை மாதிரி இல்லையே. ரம்பம் போட்ட மாதிரி நேரா இருக்கு.”

“எவனாவது அரைகுறை மெக்கானிக் பண்ணியிருப்பான். நீ புதுசை ஒட்டுப்பா.”

“நீங்க காட்டுற மாதிரி ஒட்டுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”

தையல்காரர் சாக்கை விரித்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, பார்த்தபடியே செய்தித்தாளில் வரைந்து கத்தரித்தார். அந்தத் தாளைத் தரையில் பரப்பி, அதன்மேல் குழாய்களை அடுக்கச் சொன்னார். சக்கரத்துத் தண்டைத் தாண்ட நடுவில் ஒரு மேடும் வைத்தாயிற்று. ஒட்டி முடித்துத் தூக்கிப் பிடித்தால், வலது பக்கம் போகவேண்டிய வால் இடது பக்கம் போய்ப் பெட்ரோல் டாங்கில் முட்டியது.

எட்டிப் பார்த்த தையல்காரரின் மனைவிக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. “கீழேயிருந்து பாத்து வரைஞ்சதை மேலேயிருந்து பாத்து அடுக்கியிருக்கீங்க. துணியோட உள்பக்கத்துல கோடு போட்டு, வெளிப்பக்கத்துல வெட்டுன கதை.”

முப்பது வருஷத் தொழில்காரருக்கு இதைவிட அவமானம் வேண்டியதில்லை. குழாயை அப்படியே புரட்டிப் போட்டார். வால் வலது பக்கம் வந்துவிட்டது. ஆனால் மேலே ஏறவேண்டிய மேடு கீழே தொங்கித் தரையைத் தொட்டது. அதை அறுத்து மேல்நோக்கி ஒட்டவைத்தார்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. சாவியைத் திருகியதும் கார் இரண்டு தடவை இருமி அடங்கிப்போனது.

“அதான் கடைக்காரர் சொன்னாருன்னு நீங்களே சொன்னீங்களே, புகை முட்டும்னு” என்றார் மனைவி.

தையல்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உதிரிபாகக் கடைக்குத் திரும்பினார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, கையில் காசில்லை, தைத்துத் தருகிறேன் என்றார். கடைக்காரர் சிரித்துவிட்டார். இரண்டு பேண்ட், ஒரு சட்டை என்று பேசி, அகல வளைவுகளை எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் கிளம்பியது. பக்கத்தில் நின்ற வெல்டர், “ஏன் இன்னும் கிளப்பலை?” என்று கேட்டார். தையல்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து திரும்பிய மீட்டர்காரர் காரைக் கிளப்பிப் பார்த்தார். இறங்கிவந்து, குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்து தையல்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“எதுக்குண்ணே இவ்வளவு சிரமம்?”

“நீங்க எனக்குப் பண்றதுக்கு இதெல்லாம் ஒரு சிரமமா?”

மீட்டர்காரரின் மனைவி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் தையல்காரர்.

திங்கட்கிழமை காலை குளித்துக் கிளம்பி, காதைத் தீட்டிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தார். தெரு நிசப்தமாக இருந்தது. பொழுது போகாமல் ஒரு காலரைத் தைத்து முடித்தார். அப்புறம்தான் சந்தேகம் தட்டியது. வண்டி வழியிலேயே நின்றுவிட்டதோ? முட்டியைப் பிடித்துக்கொண்டு தடதடவென்று இறங்கி ஓடினார்.

வாசலில் கார் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டு நின்றது. மீட்டர்காரர் உள்ளே உட்கார்ந்து செய்தித்தாளின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார்.

“ஐயோ, எவ்வளவு நேரமா நிக்கிறீங்க? ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாமே.”

மீட்டர்காரர் கூச்சத்தோடு தாளை மடித்தார். வழியில் இறங்கிக்கொள்ள ஏறியிருந்த அவர் மனைவிதான் பின்சீட்டிலிருந்து பதில் சொன்னார்.

“ஹாரன் அடிச்சா முட்டி வலியோட இப்படி ஓடி வருவீங்க, வண்டி கிளம்புறப்பவே கேட்டா நிதானமா இறங்குவீங்கன்னுதான், நல்லா இருந்த சைலன்சரை இவரே ரம்பத்தால அறுத்து வச்சாருங்க.”