உறுமலுக்கு ஐந்து நட்சத்திரம்

ஒரு காட்டில் ஒரு முயல், முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெயர் அஞ்சலை. கை கீரையில் இருந்தது, கண் கல்லில் சாய்த்து வைத்த செல்போனில் இருந்தது. இலையும் காம்பும் ஒரே சட்டியில் விழுவதை அவள் கவனிக்கவில்லை. நாற்பத்து மூன்றாம் அத்தியாயத்தில், தாலி கட்டப்போகிற நேரத்தில் கல்யாணம் நின்றுபோயிருந்தது.

ரெண்டு வருஷத்துக்கு முன் மலைமேல் டவர் வந்ததிலிருந்து அந்தக் காட்டில் எல்லாரும் கதை படித்தார்கள். எழுதுவது ஒரு மைனா. செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று என்று செல்போன் குழுவில் அத்தியாயம் போடுவாள். இந்தக் கதைக்குப் பெயர் 'கோரைப்பல்லே, கொஞ்சிப் பேசு'. கதாநாயகன் அக்னிவேங்கை, புலி. கதாநாயகி நயனிகா, மான். அவன் உறுமுவான், அவள் உருகுவாள். கதை அவ்வளவுதான். ஆனாலும் விட முடியாது.

அஞ்சலை ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் ஆறு குட்டி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் ஒரு வரி விடமாட்டாள். கதைமேல் அவளுக்கு ஆசையும் உண்டு, அபிப்பிராயமும் உண்டு. ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. அபிப்பிராயத்தைக் கீரையிடம் சொல்வாள்.

"நாலு காலு இருக்கு இவளுக்கு. சமதரையில ஏழு தடவ எப்படித் தடுக்கி விழறா? அதுவும் கரெக்டா அவன் நிக்கிற பக்கமாவே விழறா. அவன் என்னமோ பதினோரு காட்டுக்கு முதலாளியாம். என்ன தொழில்னு ஒரு வார்த்தை இல்ல. எந்நேரமும் கறுப்புக் காப்பியும் கையுமா ஜன்னல் ஓரம் நிக்கிறான். சோறு தின்ன மாதிரியே தெரியல."

மைனா இளசுகளுக்கென்று தனியாக ஒரு கதையும் போட்டாள். அதில் பதினேழு வயதுக் கீரிப்பிள்ளைக்குப் பிறந்தநாளன்று வாலில் நீல வெளிச்சம் வரும். காட்டையே அவள்தான் காப்பாற்ற வேண்டும். நடுவில் ரெண்டு பையன்களில் யார் என்றும் முடிவு பண்ண வேண்டும். அஞ்சலைக்கு அதில் ஒரே ஒரு மனக்குறை.

"இந்தக் கதையில எல்லாம் அம்மாக்காரிய மொத அத்தியாயத்துலயே கொன்னுடறாங்க. உயிரோட இருந்தா, எங்கடி கிளம்பிட்டன்னு ஒரு வார்த்தை கேட்டுடுவால்ல. கதை அங்கேயே நின்னுடும்."

கீரை பதில் பேசாது. அதனால் இதுவரை வம்பில்லாமல் போனது.

அந்த வாரம் குழுவை நடத்தும் ஆமை ஒரு அறிவிப்புப் போட்டார். 'சைலண்ட் ரீடர்கள் கவனத்துக்கு. படித்துவிட்டுச் சத்தமில்லாமல் நழுவுவது எழுத்தாளரின் மனதைப் புண்படுத்துகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கருத்துச் சொல்லாதவர்கள் நீக்கப்படுவார்கள். நட்சத்திரம் கட்டாயம். எழுத வராதவர்கள் குரலில் அனுப்பலாம்.'

அஞ்சலைக்குக் காது ரெண்டும் தொங்கிப்போயின. ரேஷன் வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால்கூட, நான் நிக்கிறேன் என்று சொல்ல வாய் வராதவள் அவள். ஊருக்கு முன்னால் என்ன கருத்துச் சொல்வாள்?

அப்போது பக்கத்துப் புதரிலிருந்து மோனிஷா வந்தாள். மோனிஷா வயசுக்கு வந்த மான். அஞ்சலை பிள்ளைப்பேற்றில் கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள்.

"அக்கா, உங்க அத்தை இருக்காங்களா?"

"குட்டிங்களக் கூட்டிட்டு வெளிய போயிருக்காங்க. ஏன்?"

"அவர் என்னைப் பாத்து உறுமினார்க்கா."

"எவரு?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்காரே. புலி."

அஞ்சலை கையிலிருந்த கொத்து அப்படியே விழுந்தது. "உறுமிட்டு?"

"காலைப் பிடிச்சார். கண்ணைப் பாத்தார். பல்லைக் கடிச்சார். அப்புறம், போ, என் கண்ணு முன்னாடி நிக்காதேன்னுட்டுத் திரும்பி நின்னுக்கிட்டார். இருபத்தொண்ணாம் அத்தியாயம் அப்படியேக்கா."

"மோனிஷா, அது புலிடி."

"அதைத்தான்க்கா நானும் சொல்றேன். சனிக்கிழமை காலையில பையை எடுத்துக்கிட்டு அங்கேயே போயிடப்போறேன். வெளிய போன்னு துரத்துவார். நான் போகமாட்டேன். முப்பதாம் அத்தியாயம்."

அஞ்சலைக்குச் சொல்ல இருபது விஷயம் இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. வாயிலிருந்து வந்தது ஒன்றுதான். "காப்பி குடிக்கிறியா?"

மோனிஷா குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று முழுக்க அஞ்சலைக்கு மனசு கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லத்தானே வராது, போனுக்கு முகம் இல்லையே என்று தோன்றியது. மோனிஷாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள், கேட்காமலா போவாள். வியாழக்கிழமை பொந்தின் ஆழத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு குரலை அனுப்பினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் வேலியோரப் பொந்து அஞ்சலை. மைனாக்கா நல்லா எழுதறாங்க. ஆனா நெசப் புலி இப்படி இருக்காதுங்க. நெசப் புலி காலைப் பிடிச்சா விடாது. கண்ணைப் பாத்துச்சுன்னா அடுத்து சாப்பிடும். உறுமறது கோவமும் இல்ல, ஆசையும் இல்ல. பசி. வயசுப் புள்ளைங்க படிக்கிறீங்க, அதான் சொன்னேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. ரெண்டு நட்சத்திரம்."

குழு கொதித்தது. "பிடிக்கலேன்னா தாண்டிப் போங்க சிஸ், எங்க மூடை ஏன் கெடுக்கறீங்க" என்றது கிளி. "கதையில போய் நியாயம் பாக்கறவங்க வீட்டுல என்ன பாடு படுத்துவாங்களோ" என்றது நரி. மைனா உடைந்த இதயம் ஒன்றைப் போட்டு, மனசு சரியில்லை, அடுத்த அத்தியாயம் தாமதமாகும் என்று எழுதினாள். மோனிஷா தனியாக ஒரு வரி அனுப்பினாள். "உங்களை என்னமோன்னு நெனச்சிருந்தேன்க்கா."

அஞ்சலை பொந்தை விட்டு வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பனித்துளி வைத்த ரோஜாப்பூ படம் போட்ட யாரோ ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. 'வணக்கம் சிஸ். நானும் சைலண்ட் ரீடர்தான். உங்க கருத்தைப் பதினாறு தடவ கேட்டேன். ஒரு சின்ன சந்தேகம். நெசப் புலி சாப்பிடும்னு சொன்னீங்களே, என்னத்தை?'

ஒருத்தராவது மரியாதையாகக் கேட்டாரே என்று அஞ்சலைக்கு நெஞ்சு குளிர்ந்தது. எழுத்துக் கூட்டி அடித்தாள். 'மான். மான் கிடைக்கலேன்னா முயல்.'

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. 'ரொம்ப நன்றி சிஸ். ரெண்டு வருஷமா ஒரே தலைசுத்தல். மைனாக்கா கதையில வர்ற புலி ஹீரோங்க மாதிரியே கறுப்புக் காப்பி குடிச்சிட்டு ஜன்னல் ஓரம் நிக்கிறேன். கொக்கு வைத்தியர்கிட்ட காட்டினேன், கவலையைக் குறைக்கச் சொன்னார். இப்பத்தான் விளங்குது. எனக்குப் பசி.'

அஞ்சலை அதை மூன்று தடவை படித்தாள். டவர் வருவதற்கு முன்னால், புலி வேளாவேளைக்குச் சாப்பிட்ட காலத்தில், வேலியோரத்தில் எந்தப் பொந்திலும் ஒரு ஈற்றுக்கு ரெண்டு குட்டி தேறினால் பெரிசு. அவளுக்கு ஆறும் இருந்தன. தன் கைராசி என்று நினைத்திருந்தாள்.

மோனிஷாவுக்குப் போன் போட்டாள். அவள் கோபத்தில் எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரோஜாப்பூவிடமிருந்து செய்தி. 'சிஸ், வாசல்ல ஒரு மான் பையோட நிக்குது. உங்க கருத்தை நெனச்சாலே வாயில தண்ணி ஊறுது. அடுத்து என்ன செய்யணும்?'

ஓடைக்கு அரை மணி நேர ஓட்டம். குரல் போக ஒரு நொடி. அஞ்சலை போனை வாயருகே பிடித்தாள்.

"சார், நான் சொன்னது சாதாரணப் புலிய. நீங்க அப்படி இல்லைங்க. நீங்க ஹீரோ. மைனாக்கா நாப்பத்து நாலாம் அத்தியாயம் போடல, அதை நான் சொல்றேன். அதுல வர்ற மாதிரியே செய்ங்க. அதுக்கு மேல ஒண்ணும் செய்யாதீங்க."

சொல்லிவிட்டாளே தவிர, கதை கையில் இல்லை. கீரையிடம் எதையெல்லாம் கிண்டல் பண்ணினாளோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். காலை வெயிலில் நிலா காய்ந்தது. காற்றில் மல்லிகை வந்தது. மான் தடுக்கினாள். சமதரைதான், அதனால் என்ன. விழப்போனவளை அவன் தாங்கினான்.

"தாங்கினவன் அவளோட கழுத்துக்கிட்ட குனிஞ்சான். மூச்சுக் காத்து சுட்டுச்சு. அவன் மெதுவா வாயைத் திறந்து"

"அஞ்சலை" என்று மாமியார் வெளியிலிருந்து கூப்பிட்டாள். "சின்னது எலிப்பொந்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டு எடுக்க மாட்டேங்குது. எண்ணெய் எடுத்துட்டு வா."

கையில் இருந்த போன் கீழே விழுந்தது. விழுந்த வேகத்தில், சொன்ன வரைக்கும் புலிக்குப் போய்விட்டது.

எண்ணெய் தடவி, காதை மடக்கி, தலையை உருவி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, எந்த இடத்தில் விட்டோம் என்று கேட்டுப் பார்த்தாள். ரெண்டு செய்தி வந்திருந்தது. திறக்கவே பயமாக இருந்தது. திறந்தாள்.

முதல் செய்தி புலி. 'வாயைத் திறந்துட்டேன் சிஸ். அப்புறம்? ஒரு ஈ உள்ள போய் வெளிய வந்துடுச்சு. சீக்கிரம் போடுங்க.'

அடுத்தது மோனிஷா. 'அக்கா, இவருக்கு யாரோ குரல்ல கதை அனுப்பறாங்க. கழுத்தைச் சாய்ச்சு ரொம்ப நேரமா நிக்கிறேன், வலிக்குது. ஆனா செம ஃபீல்க்கா.'

அஞ்சலைக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த பிறகு யோசனையும் வந்தது. அடுத்த வரி வராமல் அது ஒன்றும் செய்யாது. அப்படிப் படித்துப் பழகிய புலி. இத்தனை வயசில் அவள் பேச்சுக்காக யாரும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்ததில்லை. நினைத்தால் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"திறந்த வாய் திறந்தபடி நின்னான். கடிக்கலை. கண்ணு கலங்கிடுச்சு. அவ காதோரம் போய் மெதுவா சொன்னான். நயனிகா, இத்தனை நாளா உன்கிட்ட மறைச்ச ஒரு ரகசியம் இருக்கு, அது என்னன்னா"

இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. அஞ்சலை சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்புறம் இடுப்பிலிருந்த குட்டியின் தொடையில் லேசாக ஒரு கிள்ளு கிள்ளினாள். குட்டி வீறிட்டது. "அங்க என்னடி சத்தம், இங்க வா" என்று மாமியார் கூப்பிட்டாள்.

"இதோ வந்துட்டேன் அத்தை" என்று போனுக்குள்ளேயே சொல்லி, அப்படியே அனுப்பிவிட்டு எழுந்து போனாள்.

நீதி: எந்தக் கதைக்கும் ஐந்து நட்சத்திரத்துக்குக் குறையாமல் போடுங்கள். உங்களோடு சேர்ந்து யார் பசியோடு படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.