கை நனைக்க ஒரு குக்கர் சோறு

கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை சொல்லும் பொய்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவற்றை அவனுக்காக அவனுடைய மாமாக்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பொய்களுக்கு ஏற்றபடி வாழ்ந்து காட்டுவது மட்டும்தான் அவன் பாடு.

எனக்காக அந்தத் திருப்பணியைச் செய்தவர் சின்ராசு மாமா. அம்மாவின் தம்பி, கொள்ளேகாலில் உரக்கடை வைத்திருக்கிறார். ஹனூர்ப் பக்கம் மஞ்சளும் மக்காச்சோளமும் போடுகிற ஒரு வீட்டில் எனக்குப் பெண் பேசப் போனவர், பெண்ணின் அப்பாவிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்: "எங்க பையன் ஓட்டல் வாசப்படிய மிதிச்சதே இல்லைங்க. மைசூர்ல தனியா இருந்தாலும் தானே பொங்கித் தானே திங்கறான்."

(வாசப்படியை மிதிக்காதது உண்மைதான். நான் மூன்று வேளையும் சாப்பிட்ட மெஸ்ஸுக்கு வாசப்படியே கிடையாது.)

அப்போது நான் மைசூர் ஹெப்பாளில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அங்கே சமையலறை என்று ஒன்று இருந்தது. அதில் சட்டைக்கு இஸ்திரி போடுவேன். மழைக்காலத்தில் பைக்கின் ஹெல்மெட்டைக் காயவைப்பேன். மற்றபடி அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பெண்ணின் பெயர் பவித்ரா. சாமராஜநகரில் ஒரு ஆபீஸில் வேலை. போட்டோவில் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு தடவை ஹனூரில் அவர்கள் வீட்டில் நேரில் பார்த்த பிறகு, இந்தப் பெண் கிடைக்காவிட்டால் என் கதை அவ்வளவுதான் என்று தோன்றிவிட்டது. ஆனால் பெண்ணின் அப்பா பிடி கொடுக்கவில்லை. "பாக்கலாமுங்க, பாக்கலாமுங்க" என்றே மாதக்கணக்கில் ஓட்டினார். இந்த நிலையில்தான் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து, பரிசோதனைக்காக மைசூருக்கு வருவதாகவும், அப்படியே மாப்பிள்ளை இருக்கிற இடத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவதாகவும் தகவல் வந்தது.

அம்மா ஊரிலிருந்து போனில் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, நல்லாக் கேட்டுக்க. சம்மந்தம் முடிவாகாம அவிய உன்ற வீட்ல கை நனைக்க மாட்டாங்க. கை நனைச்சுட்டாங்கன்னா முடிவாயிருச்சுன்னு அர்த்தம். எப்படியாச்சும் அந்த மனுசனை ஒரு வாய் சோறு திங்க வெச்சுரு."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பேச்சு முடியும் வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார்கள். இலையில் உட்கார்ந்துவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது. ஆக, என் கல்யாணம் ஒரு கவளம் சோற்றில் நின்றது.

அந்தச் சோற்றிலும் ஒரு சிக்கல். டாக்டர் அவருக்கு வெள்ளை அரிசியை நிறுத்திவிட்டு பிரவுன் ரைஸ் சாப்பிடச் சொல்லியிருந்தார். சாம்பாரையும் பீன்ஸ் பொரியலையும் மெஸ்ஸில் வாங்கி, புது எவர்சில்வர் பாத்திரத்தில் மாற்றி, காலிப் பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் (தள்ளிவிட்டேன்). மெஸ்ஸில் பிரவுன் ரைஸுக்கு எங்கே போவது? சோற்றை மட்டும் நானே ஆக்கியாக வேண்டும்.

கடைக்குப் போனேன். எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் ஒன்றைக் காட்டி, "பட்டனை அமுக்கிட்டு நீங்க பாட்டுக்கு இருக்கலாம் சார், எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்" என்றாள் அங்கே இருந்த பெண். என்னைப் போன்றவனுக்காகவே செய்தது என்று நினைத்தேன். கூடவே வந்த விளக்கப் புத்தகத்தைத் திறக்கவில்லை. காரணம் இருக்கிறது. தொழிற்சாலையில் எனக்குப் பாய்லர் பராமரிப்பு வேலை. ஆள் உயர பாய்லரையே தட்டிப் பார்த்துக் குறை சொல்கிறவன், சோற்றுப் பானைக்குப் புத்தகம் படிப்பதா?

புத்தகத்துக்குப் பதிலாக அம்மாவிடம் கேட்டேன். அதுதான் பிழையின் ஆரம்பம்.

"அந்த அரிசி லேசுல வேகாது கண்ணு. நல்லா ஊற வெச்சு, தண்ணி தாராளமா ஊத்தி, அஞ்சு விசில் உட்டு எறக்கிரு."

அம்மா சொன்னது கேஸ் அடுப்புக் குக்கருக்கு. அவளுக்குத் தெரிந்த குக்கர் அது ஒன்றுதான். நானும் பிறந்ததிலிருந்து விசிலை எண்ணித்தான் சமையல் நடக்கும் என்று கேட்டு வளர்ந்தவன். குக்கர் என்றால் விசில் அடிக்கும். நாய் என்றால் குரைக்கும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அன்று மதியம் வந்தார்கள். காரை ஓட்டி வந்தவள் பவித்ரா. அவளுடைய அப்பா, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்ததிலிருந்து இரண்டு பிஸ்கட் மட்டுமே சாப்பிட்டிருந்ததால் முகம் வாடி வந்தார். அவளுடைய அம்மா, வீட்டின் மூலை முடுக்கையெல்லாம் கண்ணாலேயே பெருக்கிக்கொண்டு வந்தார்.

"காப்பி போடட்டுங்ளா?" என்றேன்.

"வேண்டாங் தம்பி, இப்பத்தான் குடிச்சோம்" என்றார் அப்பா. பெரிய நிம்மதி. என்னிடம் காப்பித்தூளும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது.

"உங்களுக்குன்னே பிரவுன் ரைஸ் வெச்சிருக்கேனுங்க. சாப்பிட்டுத்தான் போகணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி விட்டத்தைப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்குங்க, கை நனைக்கறத அப்பறமாப் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. சொல்லும்போதே அவர் வயிறு உறுமியது எனக்குக் கேட்டது. நான் உள்ளே போய், ஊறிய அரிசியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, பட்டனை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் மழை, மஞ்சள் விலை என்று பேச்சு ஓடியது. அப்புறம் சமையலறைப் பக்கமிருந்து கணீரென்று ஒரு விசில் வந்தது.

என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான ஓசையை நான் கேட்டதில்லை. "ஒண்ணு" என்றேன் அடக்கமாக. அடுத்தடுத்து விசில்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பவித்ராவின் அம்மாவுடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. "பரவால்லையே, விசில் கணக்கெல்லாம் வெச்சுத்தான் ஆக்கறாரு" என்று மகளிடம் கிசுகிசுத்தார். ஐந்தாவது விசில் வந்ததும் நான் எழுந்தேன். அனுபவஸ்தன் நடக்கிற மாதிரி அவசரமில்லாமல் நடந்து போய், சுவிட்சை அணைத்தேன்.

"ரெடிங்க! இலை போட்டுரட்டுங்ளா?"

பசி வழக்கத்தை வென்றது. பவித்ராவின் அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். சோற்றுக்குக் கொஞ்சம் முன்னால் போடுகிற சர்க்கரை மாத்திரை. அதை வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

போட்டுவிட்டார்! சம்மதம்! உள்ளே ஓடிப்போய்க் குளியலறையில் நின்று சத்தமில்லாமல் ஒரு குதி குதித்தேன். பிறகு சமையலறைக்குப் போய்க் குக்கரைத் திறந்தேன்.

வெந்நீருக்கு அடியில் அரிசி, கடையில் எப்படி இருந்ததோ அப்படியே கிடந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். பல்தான் வலித்தது.

மறுபடி மூடி, மறுபடி பட்டனை அமுக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். "அஞ்சே நிமிசமுங்க. உங்களுக்காக இன்னுங் கொஞ்சம் குழைய வெச்சரலாம்னு..."

இலை விரித்தாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று. நால்வரும் விசிலுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. நான் மைசூரின் தட்பவெப்பத்தைப் பற்றிப் பேசினேன். அதற்கும் வரவில்லை.

பவித்ரா எழுந்து சமையலறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் குக்கரை முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"ஏனுங்க, இதுக்கு விசில் எங்கங்க இருக்குது?"

நானும் பார்த்தேன். மூடியின் மேல் ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. விசில் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

"உள்ள இருக்குமுங்க" என்றேன். (பாய்லர் பராமரிப்பு, ஏழு வருட அனுபவம்.)

"உள்ள இருக்குதுங்ளா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் குனிந்து, முகப்பில் எரிந்த எழுத்துகளைப் படித்தாள். "இந்த மாதிரிக் குக்கர்ல விசிலே வராதுங்க. வெந்துச்சுன்னா பீப்புனு சத்தம் குடுக்கும். இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல ஆகுங்க."

"அப்ப அந்த அஞ்சு விசில்?"

அவள் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு அந்தப் புறம், கைக்கெட்டும் தூரத்தில், பக்கத்து வீட்டுப் பிரேமக்காவின் சமையலறை ஜன்னல் இருந்தது.

அதற்குள் கூடத்திலிருந்து அவளுடைய அம்மாவின் குரல் வந்தது. "பவி, அப்பாவுக்கு வேர்க்குது பாரு."

ஓடினோம். மாத்திரை தன் வேலையை நேரத்துக்குச் செய்திருந்தது, சோறுதான் வரவில்லை. அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்து, கை லேசாக நடுங்கியது. எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. கல்யாணமெல்லாம் மறந்துபோய், இந்த மனுஷனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"சீக்கிரம் சர்க்கரை கொண்டாங்க" என்றாள் பவித்ரா.

"இல்லைங்க."

"வெல்லம்? தேன்? ஒரு வாழப்பழம்?"

"இல்லைங்க. இல்லைங்க. இல்லைங்க."

தானே பொங்கித் தானே தின்கிறவன் வீட்டில் ஒரு சிட்டிகை சர்க்கரை இல்லை என்ற உண்மை கூடத்தின் நடுவே வந்து உட்கார்ந்தது. பவித்ரா அதைக் கவனிக்க நேரமில்லாமல் வெளியே ஓடிப் பிரேமக்காவின் கதவைத் தட்டினாள். அந்த அம்மாள் கன்னடத்தில் "ஏனாய்த்து, ஏனாய்த்து" என்று, என்ன ஆயிற்றோ எனப் பதறியபடி சர்க்கரைத் தண்ணீரோடு வந்தார். குடித்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் பெரியவரின் நடுக்கம் நின்றது. எனக்கு நிற்க இன்னும் நேரம் பிடித்தது.

"பன்னி, மொதலு ஊட்டா மாடி" என்று, முதலில் சாப்பிட வரச் சொல்லி, எல்லோரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார் பிரேமக்கா. அங்கே ராகி முத்தை என்கிற களி உருண்டையும் பருப்புச் சாறும் தயாராக இருந்தன. பெரியவர் வேறு எதையும் யோசிக்காமல் கை கழுவி உட்கார்ந்தார். சாப்பிடும்போது பவித்ரா விசில் கதையைக் கன்னடத்தில் சொல்ல, பிரேமக்கா கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ, ஆ ஐதூ விசில் நம்தே!"

அந்த ஐந்தும் அவருடையவை. பெரியவர் தின்றுகொண்டிருந்த பருப்பை வேக வைத்த விசில்கள். பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, கம்பெனில பாய்லர் நீங்கதான் பாத்துக்கறீங்ளா?"

"ஆமாங்க."

"கம்பெனி இன்னும் இருக்குதுங்ளா?"

அவர்கள் ஊருக்குப் போன பிறகுதான் நிஜமான வழக்கு ஆரம்பித்தது. கை நனைத்தது எந்த வீட்டில்? பிரேமக்கா வீட்டில். ஆகவே சம்பந்தம் பிரேமக்காவோடுதான், மாப்பிள்ளை வீட்டோடு அல்ல என்பது பெண் வீட்டாரின் வாதம். சின்ராசு மாமா சோர்ந்து உரக்கடைக்குத் திரும்பிவிட்டார். என் அம்மா மட்டும் விடவில்லை. ரெண்டு வீட்டுக்கும் மாடித் தொட்டி ஒண்ணுதானே, குழாயில வந்தது ஒரே தண்ணிதானே, அப்ப அவரு நனைச்சது எங்க கையலம்புற தண்ணியிலதானே என்று ஹனூருக்கே போன் போட்டு வாதாடினாள். ஹனூர் அதற்கும் மசியவில்லை. நான் வருத்தத்தில் மெஸ்ஸில் இரண்டு வேளைச் சாப்பாட்டை நிறுத்தினேன். ஒரு பொய்யை நம்பி வந்த மனுஷனைப் பட்டினி போட்டவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அந்த வழக்கை முடித்து வைத்தவள் பவித்ரா. அன்று எல்லோரும் பிரேமக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கார்ச் சாவியை எடுத்து வருவதாகச் சொல்லி அவள் மட்டும் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் குக்கர் 'பீப்' என்றிருக்கிறது. ஆவி அடங்கும் வரை நின்று, திறந்து, ஒரு பிடி பிரவுன் ரைஸைத் தட்டில் போட்டு, என் மெஸ் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, குழாயில் கை கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வந்திருக்கிறாள். இதை ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் சொன்னாளாம்.

"நான் அவரு வீட்ல கை நனைச்சுட்டேனுங்ப்பா."

பெரியவர் கேட்டாராம்: "சோறு வெந்துருந்துச்சா?"

"சோறு நல்லாவே வெந்துருந்துச்சு. அவருதான் வேகல. அத நான் பாத்துக்கறேன்."

கல்யாணத்தில் பிரேமக்காவை முன்வரிசையில் உட்கார வைத்துச் சம்பந்தி மரியாதை செய்தார் என் மாமனார். என் அம்மாவுக்கு அதில் இன்று வரை வருத்தம்தான். ஹனூர்ப் பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பவித்ராவின் சொந்தக்காரர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவளிடம் கேட்கிறார்கள்: "ஏம்புள்ள, மாப்ள வெந்தாச்சா?"

"இன்னும் ரெண்டு விசில் போகட்டுமுங்க" என்பாள் அவள், என் முகத்தைப் பார்க்காமலே. எங்கள் வீட்டில் இப்போதும் சோறு ஆவது அந்த எலெக்ட்ரிக் குக்கரில்தான்.