நூல் இழுக்காத சேலைத் துண்டு

விராலிமலைப் பக்கம் எங்கள் கம்பெனியில் இரும்புத்தூளை அச்சில் அமுக்கி, உலையில் சுட்டு, வண்டிகளுக்குச் சின்னப் பல்சக்கரம் செய்கிறார்கள். சுட்ட சக்கரத்தின் ஓரத்தில் முள் மாதிரி பிசிறு நிற்கும். அதை அரத்தால் எடுப்பது அடியேனின் உத்தியோகம். எடுத்ததும் என் பழைய சேலைத் துண்டில் ஒரு தேய்ப்பு. நூல் இழுத்தால் திரும்ப அரத்துக்கு, இழுக்காவிட்டால் பெட்டிக்கு.

தரத்துறைக்குப் புதிதாக வந்த சூர்யபிரகாஷ் சார் அந்தத் துண்டை ரெண்டு விரலால் தூக்கினார்.

"என்னம்மா ரஞ்சிதா இது?"

"பூனம் சேலைங்க சார். எம்மக வயித்துல இருந்தப்ப கட்டுனது."

"அளவுக் கருவின்னா சான்றிதழ் வேணுமே?"

"மேட்சிங் ஜாக்கெட்டுதான் சார் இருக்கு."

மறுநாளே துண்டுக்கு எண், ஸ்டிக்கர், பூட்டு வைத்த கண்ணாடிப் பெட்டி எல்லாம் வந்தன. கூடவே சுற்றறிக்கை: 'மேற்படி கருவிக்கு யாதொரு சேதமும் விளைவிக்கலாகாது. நூல் இழுத்தவையே அரத்துக்குத் திருப்பப்படும்.'

கருவிக்குப் பொறுப்பாளர் நான். அதற்காக ஜெனரல் ஷிப்ட் கொடுத்தார்கள். மகள் அறிவுமதியை ஸ்கூல் வேனிலிருந்து நானே இறக்கலாம் என்று மூன்று மாதமாகக் கெஞ்சிய ஷிப்ட். துண்டு கெட்டால் அதுவும் போச்சு.

"அக்கா, பிசிறோட தேச்சா நூல் இழுக்குமே?" என்றாள் பக்கத்து மேசை சுகுணா.

"பிசிறு இல்லாததை மட்டும் தேயி."

"எப்படித் தெரியும்?"

"என்னை மாதிரி வெரலால தடவிப் பாரு."

"இருந்தா அரத்துக்குத் திருப்பிரவா?"

"நூல் இழுத்ததைத்தான் திருப்பணும். இது இழுக்கலையே!"

"தேய்க்கவே இல்லையேக்கா!"

"அதான் இழுக்கல. பெட்டில போடு."

அந்த மாதம் பிசிறு சைபர். கேக் வெட்டினோம். செல்ஃபி எடுக்கப் பலகை வைத்தார்கள். நடுவில் நானும் துண்டும்.

அடுத்த வாரம் நாற்பது பெட்டி திரும்பி வந்தது. வாங்கிய இடத்தில் பொருத்தினவர்களுக்கெல்லாம் விரல் கிழிந்ததாம். ஐந்து பேர் விசாரணைக் குழு கூடியது. நானும் அதில் உண்டு. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தோம். புதிதாக ஒரு நூல்கூட இழுக்கவில்லை. ஆகவே குறை அவர்கள் விரலில்தான் என்று முடிவாயிற்று. காரணம்: 'தோல் மென்மை.'

"பொறுப்பாளர் கையெழுத்து?" என்றார் சார்.

வேன் வரும் நேரம். முதல் ஆளாகப் போட்டேன். மற்றவர்களும் போட்டார்கள். திரும்பி வந்த சக்கரத்தை ஆளுக்கொரு தடவை தடவிப் பார்த்திருந்ததால் ஐந்து பேருக்கும் வலது விரலில் பிளாஸ்திரி. எல்லோரும் இடது கையால்தான் போட்டோம்.

என்னுடையதுதான் நேராக வந்தது. ஒரு மாதப் பழக்கம்.