முப்பது எள்ளுருண்டை

என் ஆயுளில் நான் ஒரே ஒரு நாள்தான் நல்லவனாக இருந்திருக்கிறேன். அன்றைக்கு வெயில் ஏறுமுன்னே சனம் என்னைக் கண்டு வேலிப் படலையைச் சாத்திவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே நான் போனதில்லை. (நல்லவனாக இருக்கிற பக்கத்தைச் சொல்கிறேன்.)

வட்டுக்கோட்டையில் எனக்கு வண்டிலோட்டம். அங்கேயுள்ள கல்லூரிக்கு நாள் தவறாமல் போனவன் நான். விறகை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன், அவ்வளவுதான் என் படிப்பு. அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி இருந்தார். தனக்கு அறுபது வயது நிறைகிறதென்று ஒருநாள் அறுபது பேருக்கு எதையாவது கொடுத்துக்கொண்டு நின்றார். எனக்கு முகம் துடைக்க ஒரு லேஞ்சி. என் மாடுகளுக்கு ஆளுக்கொரு வாழைப்பழம். வாங்கினவர்களின் சிரிப்பு வீடு வந்து சேரும்வரை என் கண்ணுக்குள் ஆடிக்கொண்டே வந்தது. மாடுகள்கூடச் சிரித்த மாதிரித்தான் இருந்தது.

எனக்கு முப்பது நிறைய இன்னும் இரண்டு மாதம். எங்கள் பக்கத்தில் பிறந்தநாள் என்றால் கோயிலில் ஓர் அர்ச்சனை, அதோடு சரி. நான் முப்பது பேருக்கு நன்மை செய்வதென்று முடிவெடுத்தேன்.

மனசுக்குள் வேறொன்றும் கிடந்தது. பண்டத்தரிப்பில் எனக்குச் செல்லம் என்று ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். சாதகக் குறிப்பும் பொருந்திவிட்டது. ஆனால் தகப்பன் வேலுப்பிள்ளையர், "வண்டில்காரப் பொடியன்தானே" என்று இழுத்துக்கொண்டே இருந்தார். என் தரும குணம் காதில் விழுந்தால் மனுசன் அன்றைக்கே ஓமென்று சொல்லிவிடுவார் என்று நம்பினேன்.

அக்காவின் தோட்டத்தில் எள்ளு விளைந்திருந்தது.

"அக்கா, முப்பது எள்ளுருண்டை பிடிச்சுத் தாங்கோ."

"ஆருக்கடா?"

"ஒரு இடத்துக்கு."

பெண் வீட்டுக்கென்று நினைத்து, அவள் சிரித்துக்கொண்டே பனங்கட்டியை இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டாள். உருண்டைகளைச் சுற்றத் துணி வேண்டுமே? குடை திருத்துகிறவரிடம் வெட்டுத் துண்டுகள் சும்மா கிடந்தன. (குடைத்துணி என்ன நிறமென்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இருந்தும் வாங்கினேன்.) வேலுப்பிள்ளையரின் மண்வெட்டி உடைந்துபோனதாகக் கேள்வி. கொல்லரிடம் புதிதாய் ஒன்று அடித்து வாங்கி வைத்தேன்.

பிறந்த நட்சத்திரம் ஒரு சனிக்கிழமையில் வந்து விழுந்தது. விடியவே உருண்டைப் பெட்டியையும் மண்வெட்டியையும் ஏற்றிக்கொண்டு பண்டத்தரிப்புக்கு வண்டிலைக் கட்டினேன்.

தை மாதப் பனி. புகையிலைத் தோட்டங்கள் பாலுக்குள் கிடந்தன. மாடுகளின் கொம்பு மட்டும் முன்னால் மிதந்தது. வழி அவற்றுக்குத் தெரியும், அதனால் நான் வழக்கம்போலக் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டேன். வேலுப்பிள்ளையர் என் தோளில் கைபோட்டு "மருமோன்" என்கிறார். செல்லம் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள், வளையல் மட்டும் தெரிகிறது. ஊர்ச் சனம் முழுக்கப் பனிக்குள் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. சலங்கைச் சத்தம்கூட வானத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு சால்வை வந்தது. எங்கள் ஊர்ச் சின்னத்தம்பியர், பண்டத்தரிப்புக்கு நடந்துகொண்டிருந்தார்.

"ஏறுங்கோ அண்ணை, கொண்டுபோய் விடுறன். கூலி வேண்டாம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஏறினார். நான் ஒரு பொட்டலத்தை நீட்டினேன். அவிழ்த்து ஒரு கடி கடித்தவர், மெல்லுவதை நிறுத்தினார். கையிலிருந்த துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"தம்பி, இண்டைக்கு என்ன கிழமை?"

"சனி, அண்ணை."

"இது எள்ளோ?"

"ஓம், நல்ல எள்ளு. இன்னும் இருவத்தொன்பது கிடக்கு."

வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, ஓடுகிற வண்டிலிலிருந்து அவர் குதித்தார்.

"எட விசரா, உன்ரை சனியனை இறக்க என்ரை தலைதானோ கிடைச்சுது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சனி தோஷம் பிடித்தவன் சனிக்கிழமையில் எள்ளும் கறுப்புத் துணியும் இரும்பும் தானம் கொடுப்பான். வாங்குகிறவனோடு தோஷமும் போய்விடும். தெரிந்தே வாங்கச் சம்மதிக்கிற ஆளைப் பிடித்துத்தான் அந்தத் தானத்தைக் கொடுக்க வேண்டும். நானோ ஒருவருக்கும் சொல்லாமல் வண்டில் நிறைய ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சின்னத்தம்பியர் தோட்டத்துக்குள்ளால் குறுக்கே ஓடினார். என் மாடுகள் ஓடுகிற சாதி இல்லை. நான் பண்டத்தரிப்புக்குப் போனபோது படலைகள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டு வந்தன. வேலுப்பிள்ளையர் மட்டும் படலையில் நின்றார். சின்னத்தம்பியர் அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

நான் சமாதானம் சொல்வதற்காக மண்வெட்டியை நீட்டினேன்.

"பாத்தியளே, இரும்பும் கொண்டந்திட்டான்" என்றார் சின்னத்தம்பியர்.

வேலுப்பிள்ளையர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தம்பி, உமக்கு ஏழரைச்சனி எண்டு குறிப்பிலை இல்லையே. ஆரைக் கொண்டு மாத்தி எழுதுவிச்சனீர்?"

"ஐயோ மாமா, இது பிறந்தநாள். துரைசாணி அம்மா லேஞ்சி குடுத்தவா…"

"மாமா எண்டு சொல்லாதையும். கலியாணக் கதை இண்டையோட முடிஞ்சுது. வண்டிலைத் திருப்பும்."

திருப்பப் போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு காகம், சனி பகவானுடைய வாகனமேதான், வண்டிலுக்குள் இறங்கிப் பெட்டியைக் கொத்தத் தொடங்கியது. சின்னத்தம்பியர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேலியோரமாய் வந்த செல்லம் காகத்தைக் கலைத்தாள். கலைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்து, அவிழ்த்து, முழு உருண்டையையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

"பிள்ளை, துப்பு" என்றார் தகப்பன்.

அவள் அவசரப்படாமல் மென்று விழுங்கினாள். "பனங்கட்டி நல்லாப் போட்டிருக்கினம், அப்பு."

வேலுப்பிள்ளையர் மெல்ல மண்ணில் குந்தினார். தானம் வாங்கியாயிற்று, சனி இனி அவளுடையது. வாய்க்குள் போட்டதைச் சின்னத்தம்பியரே கண்ணால் கண்டாயிற்று, பொழுதுபடுமுன் சங்கானைவரைக்கும் கதை போய்விடும். இனி எந்த வீட்டுக்காரன் பெண் கேட்டு வருவான்? சனியைக் கொண்டுவந்தவன்தான் கட்ட வேண்டும்.

"சின்னத்தம்பி, கலியாணத்துக்கு நாள் பாருமன்" என்றார், நிலத்தைப் பார்த்தபடியே. மண்வெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

செல்லம் அன்றைக்கு ஏன் அதைத் தின்றாள் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். பசி என்பாள். (என் வண்டில் அந்த வேலியைக் கடக்கும்போதெல்லாம் நான் சலங்கையைக் கூடுதலாகக் குலுக்க வைப்பது அவளுக்குத் தெரியாதென்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.)

இன்றைக்கும் என் கையால் ஒரு வெற்றிலை நீட்டினாலும், ஊரில் கிழமை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். பிள்ளைகளும் அப்படித்தான். வீட்டில் நான் வாயைத் திறந்து ஏதாவது முறைப்பாடு சொன்னால், செல்லம் அடுப்படியிலிருந்தே சொல்வாள்:

"உங்கடை சனியனை அண்டைக்கே முழுங்கினனான். இன்னும் செமிக்கேல்லை. பேசாமல் இருங்கோ."