மேடில்லாத ஊரில் ஒரு டர்போ

எங்கள் ஊர்த் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால், எந்தப் பக்கம் உருளுவது என்று தெரியாமல் அது அங்கேயே உட்கார்ந்துவிடும். அவ்வளவு சமதளம். ஒரத்தநாட்டிலிருந்து கிழக்கே பார்த்தால், வானம் வந்து வயலில் இறங்குகிற இடம் வரைக்கும் கண்ணை மறைக்க ஒன்றும் கிடையாது. நாங்கள் ஏறுகிற பெரிய மேடு என்றால் அது ஆற்றுப் பாலம். அதற்குக்கூட யாரும் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்குத்தான் மலை ஏறும் வண்டி மேல் ஆசை வரும். மலையடிவாரத்தில் பிறந்தவன் சமதளத்தைத் தேடி அலைந்துகொண்டிருப்பான், பாவம்.

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன். (பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை.) அதன்பின் கால் போன பக்கம் போனேன். கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் உப்பு வாரினேன், பாதம் வெடித்தது. திருப்பூரில் பனியன் மடித்தேன். பஞ்சு நெஞ்சில் ஏறி இருமல் வந்தது. லாரி கிளீனராக நாக்பூர் வரை போனேன். டிரைவர் என்னை ஒரு தாபாவில் மறந்துவிட்டுப் போய்விட்டார். இதிலெல்லாம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சில நாள் சாப்பாடு கிடைத்தது, சில நாள் கிடைக்கவில்லை.

கடைசியாக வளைகுடாவில் ஒரு ஒர்க்‌ஷாப். வண்டிப் பாகங்களைப் பெட்ரோலில் கழுவும் வேலை. அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு மணல்மேடு இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஊர்க்காரப் பையன்கள் பிக்கப் வண்டிகளோடு வருவார்கள். சாதாரண பிக்கப் இல்லை. ஆள் குனியாமல் அடியில் நுழைந்து போகலாம் போல உயர்த்திக் கட்டிய வண்டிகள். ஆக்சிலேட்டரை மிதித்ததும் என்ஜினுக்குள்ளிருந்து ஒரு விசில் எழும்பும். மெல்லத் தொடங்கி, இழுத்துக்கொண்டே போகும் விசில். அது டர்போ போடும் சத்தம். வண்டி மணலில் ஏறி, உச்சியில் ஒரு கணம் வானத்தில் நின்று, அந்தப் பக்கம் மறைந்துவிடும். நான் கையில் பிஸ்டனை வைத்துக்கொண்டு, அது மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்ததே இல்லை. பார்க்காததால்தான் அது இவ்வளவு நாள் மனசில் தங்கிவிட்டது போல.

கம்பெனியை மூடினார்கள். ஒரு பெட்டி, ஒரு சென்ட் பாட்டில், கழுத்தில் ஒரு சங்கிலியோடு வசந்தா அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மச்சான் சிங்கப்பூரில் வேலை. அவர் அங்கே வெயிலில் நின்று சம்பாதித்ததில் வாங்கிய பழைய பிக்கப் ஒன்று வாசலில் நின்றது. அக்கா சாவியை என் கையில் வைத்தாள்.

"வண்டி ஓடுனா வீடு ஓடும், ராசு. அத மட்டும் மனசுல வச்சுக்க."

வைக்கோல் ஏற்றினேன். வாழைத்தார் ஏற்றினேன். நெல் ஏற்றினேன். வண்டி மூக்கடைத்த மாடு மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. இரண்டு பக்கமும் பச்சை, நேரான ரோடு, தூரத்தில் ஒரு பனைமரம். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பச்சை மெல்ல மணலாக மாறும். பனைமரம் நெருங்க நெருங்க ரோடு மேல்நோக்கி வளையும். எங்கிருந்தோ அந்த விசில் கேட்கும். (பின்னால் வந்த டவுன் பஸ்ஸின் ஹாரன் என்பது டிரைவர் என் பரம்பரையைத் திட்டிய பிறகுதான் தெரியும்.)

ரோட்டோரம் ஷெட் போட்டிருந்த பக்கிரியிடம் இதைச் சொன்னேன். பக்கிரி என் வகுப்புத் தோழன். டிராக்டரும் பம்புசெட்டும் பிரித்துப் பூட்டுகிறவன். பூட்டும்போது இரண்டு நட்டு மிச்சம் வந்தால், "கம்பெனிக்காரன் கூடுதலா போட்டுட்டான்" என்பான். அவனுக்கு டர்போவை விளக்கினேன். வெளியே போகிற புகையைப் பிடித்து, அதைக்கொண்டே ஒரு சின்ன விசிறியைச் சுற்றவிட்டு, என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அடைக்கிற ஏற்பாடு.

"அதாவது மாப்ள, அது விட்ட பெருமூச்ச அதுக்கே திருப்பி ஊதி உசுப்பேத்துறது. அதானே?"

"அதேதான்."

"சரி, எங்க ஏறப் போற?"

"ஏறணும்னு தோணுனா ஏறலாம்ல?"

பக்கிரி யோசித்தான். அவன் முகத்திலும் மணல்மேடு தெரிய ஆரம்பித்தது. அன்றிலிருந்து தினமும் திட்டம்தான். டீக்கடை பெஞ்சில் தண்ணீர் தொட்டு வரைந்தோம். வரப்பு ஈரத்தில் குச்சியால் வரைந்தோம். முதலில் வண்டியை உயர்த்துவது. அடுத்து டர்போ என்ஜின் மாற்றுவது. அப்புறம் கோடையில் ஆறு வற்றியதும், மணலில் இறங்கிக் கடல் வரைக்கும் ஆற்றோடு போவது. எதற்கு என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அக்காவிடம் அனுமதி கேட்டேன். அவள் முறத்தை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அறுப்புக்கு ஓடுமா?"

"பறக்கும்க்கா!"

"பறக்க வேணாம். ஓடுனா போதும்."

வண்டி உயர்ந்தது. ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் இரும்புக் கட்டை வைத்து, டிராக்டர் முன்சக்கரம் மாதிரி பெரிய டயர் மாட்டினோம். தெருவே வந்து பார்த்தது. அக்கா அதில் ஏற ஸ்டூல் போட வேண்டியிருந்தது. வெயில் நேரத்தில் தெரு ஆடுகளெல்லாம் அதன் அடியில் வந்து படுத்தன. நான் அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

என்ஜின் கும்பகோணத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. மலைப் பாதையில் கவிழ்ந்த ஜீப்பின் என்ஜினாம். "மலையப் பாத்த என்ஜின் மாப்ள!" என்று பக்கிரி அதைத் தடவிக் கொடுத்தான். மலையைப் பார்த்து அது என்ன செய்தது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து, என்ஜினை ஏற்றிக்கொண்டு வந்தோம்.

சம்பா அறுவடை முடிந்த பிறகுதான் மாற்றுவது என்று திட்டம். ஆனால் மழை விட்டு விட்டுப் பெய்ததில் வயல் காயவில்லை, அறுப்பு தள்ளிப் போகும் என்று ஊரே சொன்னது. அந்த என்ஜினோ ஷெட்டில் சாக்குப் போர்த்திக்கொண்டு என்னையே பார்த்தது. ஒரு நாள் காலையில் பூவரச மரத்தில் செயின் கப்பியைக் கட்டி, பழைய என்ஜினைத் தூக்கி வெளியே வைத்துவிட்டோம்.

மறுநாள் அக்கா வரப்பில் ஓடி வந்தாள்.

"ராசு! பெல்ட் மிஷினு பக்கத்து வயல்ல இறங்கிட்டுதுடா! நம்மளுதயும் சேத்து இன்னைக்கே வெட்டிட்டுப் போயிடுவானாம். விட்டா மன்னார்குடிப் பக்கம் போயிருவான், திரும்ப வர மாட்டான்!"

ஈர வயலிலும் இறங்கி அறுக்கிற மிஷின் அது. எங்கள் பக்கம் அறுப்புக்கு நாள் குறிப்பது மிஷின்காரர்தான். மிஷின் நம் வயல் ஓரத்தில் நிற்கும்போது வெட்டினால் உண்டு. இல்லையென்றால் கதிர் சாயும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அக்கா வெட்டச் சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் களத்தில் நெல் குவிந்துவிட்டது. கிழக்கே கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் முன் நனைந்தால் ஈரப்பதம் என்று திருப்பி அனுப்புவார்கள். குவியலிலேயே முளை கட்டும். ஊரிலிருந்த டிராக்டர் எல்லாம் அவரவர் நெல்லோடு ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் அந்த வருஷமே அந்தக் குவியலில்தான் இருந்தது.

அவள் வந்து பிக்கப்பின் முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். உள்ளே பூவரசின் மஞ்சள் பூ ஒன்று கிடந்தது.

"ஏன் தம்பி, இதுக்குள்ள ஒண்ணு இருக்குமே?"

"மாத்திக்கிட்டிருக்கோம்க்கா."

அவள் படுதாவை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பொழுது விடிந்ததும் நானும் பக்கிரியும் புது என்ஜினை இறக்கினோம். அது ஒரு சாண் நீளம் அதிகம். ரேடியேட்டரை முன்னால் தள்ளி டியூப் வாரால் இழுத்துக் கட்டினோம். ஒரு பக்கம் என்ஜின் உட்காரும் இடம் சரியாக வரவில்லை; கருவேலங்கட்டை ஒன்றைச் செதுக்கி முட்டுக் கொடுத்தோம். பானெட் மூடவில்லை, கழற்றித் தூக்கிப் போட்டோம்.

"நிக்குமாடா?" என்றேன்.

"கருவேலம் மாப்ள. கல்லு மாதிரி."

சாவியைத் திருப்பினேன். என்ஜின் இருமியது, கனைத்தது, பிடித்துக்கொண்டது. மிதித்தேன். விசில்! அதே விசில். ரோட்டோரத்துக் கொக்குகள் அப்படியே வெள்ளையாக எழும்பிப் பறந்தன. உயரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வயல்களின் முதுகு தெரிந்தது. மேகத்தின் நிழல் கதிர்களின் மேல் நகர்ந்து வந்தது, மணல் காற்றில் நகர்வது போலவே. களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் தஞ்சாவூர் ஜில்லாவில் இல்லை.

மூட்டை ஏற்ற வீரையன் அண்ணன் தன் ஆட்களோடு காத்திருந்தார். அவர்கள் வேலை செய்யும் முறை இதுதான்: இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி ஒருவர் பிடரியில் வைப்பார்கள். அவர் நடந்து போய், வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தோளை ஒரு சாய்ப்பு சாய்ப்பார். வண்டித் தட்டு தோள் உயரத்தில் இருப்பதால் மூட்டை தானாகப் போய் உட்காரும். வீரையன் அண்ணன் முதல் மூட்டையைச் சுமந்து வந்து, திரும்பி, சாய்த்தார். முதுகு டயரில் முட்டியது. நிமிர்ந்து மேலே பார்த்தார். தட்டு அவர் தலைக்கு மேலே இருந்தது.

"என்னப்பா இது, மாடி வீட்டுல மூட்ட போடச் சொல்றியா?"

பின்னால் ஒருவர், "கும்பாபிசேகத்துக்குத்தாண்ணே இவ்ளோ ஒசரம் ஏறுவோம்" என்றார். களமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. (செய்யாமல் இருந்திருக்கலாம்.) களத்தை ஒட்டி ஒரு பாசன வாய்க்கால், தண்ணீர் இல்லாமல் கிடந்தது. மாடு இறங்கும் சரிவு வழியாக வண்டியை அதற்குள் இறக்கினால், தட்டும் கரையும் ஒரே மட்டம் ஆகிவிடும்!

இறக்கினேன். ஆனது. கரையிலிருந்து மூட்டைகள் தட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போயின. தோளே வலிக்கவில்லை என்றார்கள். வீரையன் அண்ணன் துண்டை உதறிவிட்டு, "பய படிக்காட்டியும் யோசன இருக்கு" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ் அது ஒன்றுதான். அது கையில் இருந்தது மூட்டை ஏற்றி முடிகிற வரைக்கும்.

முதல் கியர் போட்டேன். சரிவில் முன்சக்கரம் ஏறியது. வண்டியின் மூக்கு நிமிர்ந்தது. விசில் எழுந்து நீண்டது. முன்கண்ணாடி முழுக்க வானம். வானத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், மணலின் உச்சி, அந்தப் பக்கம் இதோ தெரியப்போகிறது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பின்னால் பக்கிரி சொன்னான்.

பின்சக்கரம் களிமண்ணைத் தோண்டியது. நான் இன்னும் மிதித்தேன். கருவேலங்கட்டை துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறித்துப் போய் வாய்க்காலில் விழுந்தது. என்ஜின் ஒரு துள்ளு துள்ளியது. அதன் விசிறி ரேடியேட்டரைக் கடித்தது. ஆவி குபுகுபுவென்று எழும்பி வானத்தை மறைத்தது. பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதியில் தகரத்தின் மேல் முதல் மழைத்துளி விழுந்தது எல்லோருக்கும் கேட்டது.

"எறங்குடா," என்றாள் அக்கா.

களத்துப் படுதாவை அவளே இழுத்து வந்து வண்டி மேல் எறிந்தாள். "அண்ணே, வாங்க எல்லாரும், ஒரு கை குடுங்க!" என்று அவள் கூப்பிட, ஏற்றிய ஆட்களே இறக்கவும் வந்தார்கள். பக்கத்து வயல்காரர் டிராக்டர் டிரெய்லரோடு திரும்பி வந்தார். கரையும் தட்டும் ஒரே மட்டமாக இருந்ததால் மூட்டைகள் வழுக்கிக்கொண்டே வெளியேயும் வந்தன. (என் திட்டத்தில் கடைசி வரை ஒழுங்காக வேலை செய்தது அந்தப் பாகம் மட்டும்தான்.) நானும் சுமந்தேன். வீரையன் அண்ணன் என் பிடரியில் மூட்டையை வைக்கும்போதெல்லாம், "விசில் போட்டுக்கிட்டே நட தம்பி, ஈசியா இருக்கும்" என்றார்.

பெரும்பகுதி நனையாமல் கொள்முதல் நிலையம் போய்ச் சேர்ந்தது. கடைசியாகச் சேற்றுக் கரையில் இறங்கிய அடி வரிசை மட்டும் நனைந்தது. அதை அக்கா தார் ரோட்டில் காயவைத்து வீட்டுக்கு வைத்துக்கொண்டாள். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுச் சோற்றில் லேசான வாய்க்கால் வாசம் அடித்தது. எனக்குத்தான் முதலில் பரிமாறுவாள். "சாப்பிடு தம்பி. மலையில வெளஞ்ச அரிசி."

பழைய என்ஜின் திரும்ப வண்டிக்குள் போனது. வண்டியைத் தணித்தோம். ஆடுகள் எழுந்து வேறு நிழல் பார்த்துக்கொண்டு போய்விட்டன. டர்போவை இரும்புக்கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். பக்கிரிதான் மனசு கேட்காமல், அதை அக்கா வயலின் போர்வெல் பக்கத்துச் சிமெண்ட் திட்டில் உட்காரவைத்து, பம்போடு பிணைத்து, புது ரேடியேட்டர் கட்டிக் கொடுத்தான். இந்த முறை ஒரு நட்டும் மிச்சம் வரவில்லை. அதிலிருந்து விழும் தண்ணீர், நான் மாட்டிக்கொண்ட அதே வாய்க்கால் வழியாகத்தான் போகிறது. அந்தச் சரிவுக்குப் பக்கத்தில் இருக்கும் மடைக்கு ஊரில் இப்போது "டர்போ மடை" என்று பெயர். காரணம் தெரியாத சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

மச்சான் லீவில் வந்தால் முதல் வேலையாகப் பம்புசெட்டுக்கு வந்து, அதை ஓடவிடச் சொல்லிக் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

மலை ஏறப் பிறந்த என்ஜின், உட்கார்ந்த இடத்திலேயே விசில் போட்டுக்கொண்டு நெல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. சாயங்காலத்தில் நான் அதன் பக்கத்தில் போய் உட்காருவேன். கண்ணை மூடினால் போதும், பச்சையெல்லாம் மணலாகிவிடும், தரை மெல்ல நிமிரும். அப்போது வரப்பில் நின்று அக்கா குரல் கொடுப்பாள்.

"என்னடா, ஏறிட்டியா?"

"ஏறிக்கிட்டிருக்கேன்க்கா."

"ஏறிட்டு எறங்கி வர்றப்ப, டர்போ மடைய அடைச்சுட்டு வா."