லிஃப்ட் இல்லாத வீடு

இனிமேல் லிஃப்ட் இல்லாத வீட்டில்தான் குடியிருப்பது என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் எடுத்தார். மனசுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டுச் சபதம் எடுக்கிற தைரியம் கல்யாணத்துக்கு முன்பு அவருக்கு இருந்ததாகக் கேள்வி.

அவர் கஷ்டம் அவருக்கு. இப்போது இருக்கிற கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அவர் நிம்மதியாகத் தூங்கியதில்லை. கண்ணை மூடினால் அழைப்பு மணி அடிக்கும். "சார், லிஃப்டு ஒரு மாதிரி கத்துது. என்னன்னு வந்து பாருங்களேன்." பல் டாக்டர் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துக்காரர்கள் வாயைத் திறந்துகொண்டு வந்தா நிற்கிறார்கள்? வாரம் பூராவும் ஊரிலுள்ள லிஃப்டுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மனுஷன் ஒரு நாள் தூங்கக் கூடாதா?

மகளுக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரமே ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

"காத்து பிச்சுக்கிட்டு வருது," என்றார் மனைவியிடம்.

"காத்து வந்துடும். நான் எப்படி மேல வர்றது?"

அவளுக்கு முட்டிவலி. நீலக்கரை போட்ட கட்டு ஒன்றைக் காலில் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்கும் வாசலுக்கும் நடமாட்டம்.

"படி ஏறினா முட்டிக்கு ரொம்ப நல்லதாம்."

"யார் சொன்னா?"

"டாக்டர்தான்."

"எந்த டாக்டர்?"

அதற்குள் அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

அவளும் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். ஐந்தாவது மாடி, லிஃப்ட் உண்டு. "சனிக்கிழமை மத்தியானம் வந்து பாருங்க. நான் முன்னாடியே போயிடுறேன். அது சரிப்படலைன்னா நீங்க பாத்த வீட்டுக்கே போயிடலாம்," என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் இறங்கி வந்தவளில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டார். கீழே ஈ காக்கை இல்லை. லிஃப்ட் கதவோரம் கண் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதை ஏதாவது மறைத்தால் ஆள் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு கதவு மூடாது. பையிலிருந்து கறுப்பு டேப்பைக் கிழித்து அதன் மேல் ஒட்டினார். கதவு மூடப் பார்த்தது, திறந்துகொண்டது. மறுபடி மூடப் பார்த்தது. மெக்கானிக் எதிர்ச் சாரி டீக்கடைக்குப் போய், ஒன்றும் தெரியாத பிள்ளையாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மனைவி லிஃப்ட் முன்னால் நின்றிருந்தாள். "பாருங்களேன், கதவு மூடவே மாட்டேங்குது."

அவர் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "மோட்டார் போயிடுச்சு. இது தேறாது."

"அப்ப சரி. உங்க வீட்டுக்கே போயிடலாம்."

அவர் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

அப்போது பின்பக்க வாசல் வழியாக ஒரு அம்மாள் வந்தாள். வயசு அறுபதுக்கு மேல். இரண்டு கையிலும் பை. முட்டியில் கட்டு.

"லிஃப்டு ஓடலையா?"

"ஓடாதாம், அம்மா. இவர் மெக்கானிக், இவரே சொல்லிட்டார்," என்றாள் மனைவி.

"பரவாயில்ல. அஞ்சு மாடிதானே. நடுவுல உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிக்கிறேன்."

முதல் படியில் "அம்மா" என்று முனகினாள். மெக்கானிக் சுவரைப் பார்த்தார். இரண்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவர் கூரையைப் பார்த்தார். மூன்றாவது படியில் அந்தக் கட்டு கண்ணில் பட்டது. சாயங்காலங்களில் தன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவது ஞாபகம் வந்தது. தூக்கத்துக்காக இவளை மூன்று மாடி ஏற வைக்கப் பார்த்தோமே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"நில்லுங்கம்மா," என்றார். குனிந்தார். ஒரு இழுப்பு. கதவு சமர்த்தாக மூடித் திறந்தது.

"மோட்டார் போயிடுச்சுன்னீங்க?" என்றாள் மனைவி.

"வந்துடுச்சு."

அந்த அம்மாள் பைகளைக் கீழே வைத்தாள். "நான்தான் வீட்டுக்காரம்மா. வீட்டை நிறைய பேர் கேட்டாங்க. உங்களுக்குத்தான் தரப் போறேன். இந்த லிஃப்டு நின்னா ஞாயித்துக்கிழமைலதான் நிக்கும். அன்னிக்குன்னு பாத்து ஒரு மெக்கானிக்கும் வர மாட்டான். இனிமே அந்தக் கவலை இல்ல."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து நாளாகியிருந்தது. போகட்டும், தூக்கம்தானே என்று தலையாட்டினார்.

வீட்டுக்காரம்மா படியில் உட்கார்ந்து முட்டியிலிருந்த கட்டை மளமளவென்று அவிழ்த்தாள். நீலக்கரை இப்போதுதான் அவர் கண்ணில் உறைத்தது.

"இந்தாம்மா, உன் கட்டு," என்று அவர் மனைவியிடம் நீட்டினாள். "இவர் டேப்பை ஒட்டினதை மாடிப்படி வளைவுலேர்ந்து பாத்ததும் உன்கிட்ட வாங்கிக்கிட்டு ஓடினேன் பாரு, இவர் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள இதைச் சுத்திக்கிறதுக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

லிஃப்ட் கதவு திறந்தே காத்திருந்தது. வீட்டுக்காரம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனாள்.